லிபியப் பாலைவன வரைபடம்: நீலப் புள்ளியை யாரை நம்பி வைப்பது?

நிலக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எகிப்து, லிபியா, சூடான் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலைக்கு மூன்று வாரமாக ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வடக்கே கில்ஃப் கெபீர் பீடபூமி, தெற்கே ஜெபல் உவைனாத் மலை. அங்கே போகிற எண்ணமெல்லாம் இல்லை. கணினித் திரையிலேயே எல்லாம்.

செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 20 மீட்டர் இடைவெளியில் சம உயரக் கோடுகள் எடுத்தேன். பீடபூமியின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல வந்துவிட்டது. அதுவரைக்கும் சரி. தகராறு தண்ணீரில் ஆரம்பித்தது.

மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க, எகிப்தின் மேற்குப் பாலைவனம் முழுவதற்கும் நீரோட்டக் கணக்கு ஓட்டினேன். அதற்கு முன்னால் 'குழிகளை நிரப்பு' என்று ஒரு படி உண்டு, தெரியும்தானே? நிரப்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வடக்கே ஒரு பிரம்மாண்டமான சமவெளி. தட்டையோ தட்டை. கத்தாரா என்ற பெரும் பள்ளம் மொத்தமும் காணோம்!

கேள்வி இரண்டு. ஒன்று, இந்தக் கணக்கைப் பாலைவனத்தில் ஓட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா? இரண்டு, பழைய வரைபடங்களில் கிணறு, ஊற்று என்று நீலப் புள்ளிகள் இருக்கின்றனவே, அவற்றை அப்படியே எடுத்துப் போடலாமா?

மட்டக்கோல்

தம்பி, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மென்பொருளைத் திட்டாதீர்கள். கடலுக்கு வழியில்லாத எந்தப் பள்ளத்தையும் அது தரவுப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்ளும். மழை நாட்டுக்கு எழுதிய கணக்கு அது. கத்தாராவின் அடிமட்டம் கடல்மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே. வெளியேற வழியே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பள்ளத்தை முதலில் நம்பாதது உங்கள் மென்பொருள் இல்லை. 1917இல் பிரிட்டிஷ் இலகு கார் ரோந்துப் படை அதிகாரி ஒருவர், அங்கே இருந்த ஐன் கத்தாரா ஊற்றின் அருகில் அனராய்டு பாரமானியை (காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவி) பார்த்து உயரம் குறித்தார். கடல்மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே என்று வந்தது. டாக்டர் ஜான் பால் (போப்பாண்டவர் இல்லை, எகிப்து நில அளவைத் துறையில் பாலைவனப் பிரிவை நடத்தியவர்) அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பாரமானிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்தார். பிறகு வால்போல் என்ற சர்வேயர் முக்கோண அளவையோடு அந்தப் பக்கம் போனபோதுதான் அந்த எண்ணில் தப்பில்லை என்று தெரிந்தது.

பால் சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். பாரமானியில் 1 மில்லிபார் தவறினால் உயரத்தில் எட்டு மீட்டருக்கு மேல் தவறும். வெப்ப நாடுகளில் வானிலை மாறாமலேயே காற்றழுத்தம் ஒரே நாளில் 2, 3 மில்லிபார் ஏறி இறங்கும். காலையில் ஒரு குன்று, மாலையில் அதே குன்று 20 மீட்டர் உயரம் கூடியிருக்கும்!

சும்மா_வந்தேன்

குன்று வளர்கிறதா? மனை விற்பவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.

பழந்தாள்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். அந்த நீலப் புள்ளிகள் எப்படி வந்தன என்று தெரிந்தால், 'அப்படியே எடுத்துப் போடலாமா' என்று கேட்க மாட்டீர்கள்.

1874இல் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் என்ற ஜெர்மானியர் எகிப்தின் தாக்லா பாலைவனச்சோலையிலிருந்து மேற்கே லிபியாவின் குஃப்ரா சோலைக்குப் போகக் கிளம்பினார். ஒட்டகங்களின் மேல் இரும்புப் பெட்டிகளில் தண்ணீர். வடக்கு தெற்காக ஓடும் மணற்குன்று வரிசைகள் குறுக்கே வந்து மறித்துவிட்டன. அந்த இடத்தில், யாரும் நினைத்துப் பார்க்காத விதமாக, பிப்ரவரி மாதத்தில் மழை கொட்டியது. பெட்டிகளை நிரப்பிக்கொண்டு, மேற்கே போகும் ஆசையை விட்டு, வடக்கே திரும்பி சீவா சோலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இடத்துக்கு 'ரேகன்ஃபெல்ட்', அதாவது மழை வயல் என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்ப்பவன் அங்கே தண்ணீர் இருக்கிறது என்றுதானே நினைப்பான்? அங்கே ஒரு சொட்டுக் கிடையாது. என்றோ ஒரு நாள் பெய்த மழை அது.

(இடையில் ஒன்று. அந்தப் பயணத்தின் சர்வேயர் வில்ஹெல்ம் ஜோர்டன். கல்லூரியில் சமன்பாடு தீர்க்கப் படித்த காஸ்–ஜோர்டன் முறை நினைவிருக்கிறதா? அதே ஜோர்டன்.)

அப்புறம் 1923. அகமது ஹசனைன் என்ற எகிப்தியர் ஒட்டகக் கூட்டத்தோடு மத்தியதரைக் கடலோரம் சொல்லூமிலிருந்து கிளம்பி சூடானின் அல் உபய்யித் வரை போனார். அர்கெனு, உவைனாத் இரண்டு மலைகளும் அந்தப் பயணத்தில்தான் வரைபடம் ஏறின. புத்தகங்கள் இதை 'கண்டுபிடிப்பு' என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும். அவர் போனபோது உவைனாத்தில் சுமார் 150 பேர் குடியிருந்தார்கள். ஹெர்ரி என்ற தலைவரும் இருந்தார். தண்ணீர் எங்கே என்று தெரிந்தவர்கள் அவர்கள். ஹசனைன் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். இதையும் சொல்ல வேண்டும், மற்ற பலரைப் போல அதை மறைக்காமல் எழுதினவர் அவர்.

நிலக்கோடு

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு அடையாளமும் இல்லாத இடத்தில், 'கிணறு இங்கே' என்று எப்படிக் குறித்தார்கள்? எத்தனை கிலோமீட்டர் தவறும்?

மட்டக்கோல்

அட்சரேகை எளிது. ராத்திரி தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை நிறுத்தி நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்தால் போதும். தீர்க்கரேகைதான் கழுத்தை அறுக்கும், ஏனென்றால் அது நேரக் கணக்கு. கடிகாரம் 1 விநாடி தவறினால், உவைனாத் இருக்கும் அட்சரேகையில் நீங்கள் கிழக்கிலோ மேற்கிலோ 430 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். ஒட்டகத்தின் மேல் மாதக்கணக்கில் குலுங்கிய கடிகாரம் அரை நிமிடம் தவறினால் 13 கிலோமீட்டர். வானொலியில் நேரச் சமிக்ஞை வந்த பிறகுதான் இந்தத் தலைவலி தீர்ந்தது. 1929, 1930, 1932இல் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் கூட்டம் ஃபோர்டு கார்களில் போனபோது ராத்திரி முகாமில் வானொலிப் பெட்டியைத் திருகி நேரம் பிடித்து, நட்சத்திரம் பார்த்து இடம் குறிப்பது வழக்கமான வேலையாகவே ஆகிவிட்டது.

பகலில் வண்டி ஓடும்போது? காந்தத் திசைகாட்டி உதவாது, வண்டியே இரும்பு. பாக்னால்ட் வைத்திருந்தது சூரியத் திசைகாட்டி. டாஷ்போர்டில் ஒரு சின்ன வெள்ளை வட்டத் தட்டு, சுற்றிலும் டிகிரி கோடுகள், நடுவில் நிமிர்ந்த ஊசி. ஊசியின் நிழல் எந்தக் கோட்டில் விழ வேண்டும் என்று நேரத்துக்கு நேரம் தட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஓட்டுநர் நிழலைக் கோட்டில் வைத்து ஓட்ட வேண்டும். கோடை நடுப்பகலில் மட்டும் பயனில்லை. சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிட்டால் நிழலே இருக்காது.

தண்ணீர் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். அந்த வண்டிகளில் ரேடியேட்டர் கொதித்து ஆவியாகப் போகிற தண்ணீரையும் விடவில்லை. ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாய், பக்கவாட்டுப் பலகையில் பாதி தண்ணீர் நிரம்பிய ஒரு தகர டப்பாவுக்குள் போகும். ஆவி அதில் குளிர்ந்து தண்ணீராகும். இன்ஜின் ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டப்பாத் தண்ணீரைத் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு இந்தத் தகர டப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து வரைபடங்களில் கோடு கோடாகத் தெரிவதெல்லாம் சம உயரக் கோடு இல்லை. முக்கால்வாசி, வண்டி போன தடத்திலிருந்து கண்ணால் பார்த்து வரைந்த உருவக் கோடுகள். தடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளிப் போனால் வெறும் வெள்ளைத்தாள்.

பாறைமொழி

நிலக்கோடு, உங்கள் வரைபடத்தில் நீலத்தை ஒரே குறியாகப் போடாதீர்கள். அங்கே இருப்பது இரண்டு வகைத் தண்ணீர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

உவைனாத் என்ற பெயருக்கு அரபியில் 'சின்ன ஊற்றுகள்' என்று பொருள். ஐன் துவா போன்றவற்றை வரைபடத்தில் ஊற்று என்றே எழுதுகிறார்கள். உண்மையில் அவை பூமிக்கடியிலிருந்து பொங்கி வருபவை இல்லை. அபூர்வமாகப் பெய்யும் மழை, பெரும் பாறை உருண்டைகளுக்கு அடியில், வெயில் படாத இடுக்கில் தேங்கி நிற்பது. நமக்கு இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: சுனை. ஊற்று என்று எழுதாதீர்கள், சுனை என்று எழுதுங்கள். அந்தப் பகுதியில் ஆண்டுச் சராசரி மழை சில மில்லிமீட்டர்தான், அதுவும் பல ஆண்டுகள் சேர்ந்தாற்போல் வராமலே போகும். ஆக, சுனை என்றாலே 'எப்போது?' என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வகை, மணற்கல்லுக்குள் இருப்பது. நூபிய மணற்கல் நீர்த்தாங்கி. நான்கு நாடுகளுக்கு அடியில் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. இதை முதலில் வரைபடமாகப் பார்த்தவர், மேலே மட்டக்கோல் அண்ணா சொன்ன அதே ஜான் பால். 1927இல் அவர் செய்தது எளிமையான, ஆனால் அபாரமான ஒரு வேலை. தெரிந்த கிணறுகள், சோலைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும் மட்டம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று எடுத்தார். தரைக்கு வரைவது போலவே அந்தக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பரப்புக்கும் சம உயரக் கோடு வரைந்தார். தென்மேற்கில் பல நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் பரப்பு, வடக்கு நோக்கிச் சரிந்து சரிந்து, கடைசியில் கடல்மட்டத்துக்கும் கீழே போகிறது. கத்தாராவில் தரை அதைத் தொட்டுவிடுகிறது. அங்கே உப்புச் சேறு கிடப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கோடுகள் கையில் இருந்தால் கழித்தல் கணக்குத்தான். தரை உயரத்திலிருந்து நீர்மட்ட உயரத்தைக் கழித்தால், எத்தனை மீட்டர் தோண்ட வேண்டும் என்று வந்துவிடும். உவைனாத்துக்குக் கிழக்கே, எந்தப் பக்கமும் கிணறே இல்லாத வெட்டவெளியில் நில அளவைத் துறை தோண்டிய ஒரு கிணறு உண்டு. பெயர் பீர் மெஸாஹா. 'அளவைக் கிணறு' என்று பொருள்.

பழந்தாள்

சுனை என்ற சொல் அருமை. ஒரு மூன்றாவது வகையும் இருக்கிறது, மேடம். மனிதன் தூக்கிக்கொண்டு போய் வைத்த தண்ணீர்!

தாக்லாவுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி அபு பல்லாஸ் என்று ஒரு குன்று. 'பானைகளின் தகப்பன்' என்று அர்த்தம். முதல் உலகப்போர் காலத்தில் பால் அங்கே போனபோது குன்றடியில் பெரிய பெரிய மண்பானைகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் எங்குமே தண்ணீர் இல்லை. பாதி வழியில் தண்ணீர் சேமித்து வைத்த இடம் என்று அப்போதே ஊகித்தார்கள். 1999க்குப் பிறகு அதே திசையில் மேலும் பல பானைக் கிடங்குகள் அகப்பட்டன. தாக்லாவிலிருந்து கில்ஃப் கெபீர் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டருக்கு ஒரு தடம். 4,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அப்போது எகிப்தில் ஒட்டகப் போக்குவரத்து கிடையாது, எல்லாம் கழுதைகள். கழுதைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கில்தான் பானைகளை வைத்திருக்கிறார்கள்.

ரேடார்கண்

முதல் கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். எந்த உயரத் தரவை எடுத்தீர்கள்? எஸ்ஆர்டிஎம்மா? மணல் கடல் பக்கம் ஓட்டை இருந்ததா?

நிலக்கோடு

எஸ்ஆர்டிஎம்தான். ஆமாம், மூலத் தரவில் மணற்குன்றுகளுக்கு நடுவே பொத்தல் பொத்தலாக இருந்தது. நான் இறக்கியதில் ஏதோ தவறு என்று நினைத்து, மூன்று முறை மறுபடி இறக்கினேன்.

ரேடார்கண்

இறக்கியதில் தவறில்லை. பிப்ரவரி 2000இல் விண்வெளி ஓடத்திலிருந்து 11 நாள் ரேடார் அடித்து எடுத்த தரவு அது. வழவழப்பான உலர்ந்த மணலில் பட்ட அலை ஓடத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. கொஞ்சம் உள்ளே போய் அடங்கிவிடும், அல்லது வேறு பக்கம் தெறித்துவிடும். பிறகு வந்த பதிப்புகளில் அந்த ஓட்டைகளை வேறு தரவால் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு போட்ட இடத்தில் 20 மீட்டர் இடைவெளிக் கோடு போட்டால், பாதி கோடு மணற்குன்று, பாதி கோடு இரைச்சல். கோப்பர்னிகஸ் உயரத் தரவை எடுத்துப் பாருங்கள், 30 மீட்டர் கட்டத்தில் கிடைக்கிறது. அதுவும் ரேடார்தான், ஆனால் குன்றுகள் இன்னும் தெளிவாக வரும்.

அதே உலர்ந்த மணல் ஒரு நல்லதும் செய்திருக்கிறது. நவம்பர் 1981இல் கொலம்பியா ஓடத்தில் போன ரேடாரின் அலைநீளம் சுமார் 24 சென்டிமீட்டர். அது உலர்ந்த மணலை ஓரிரு மீட்டர் ஊடுருவியது. தெற்கு எகிப்திலும் வடக்குச் சூடானிலும் மேலே பார்த்தால் மேசை போல் தட்டையான மணல் விரிப்பு. அதன் அடியில் அகலமான பழைய ஆற்றுப் படுகைகள் படத்தில் வந்து நின்றன. உங்கள் நீரோட்டக் கணக்கு மணலின் மேற்பரப்பில் ஓடுகிறது. உண்மையான ஆறு அதற்கு அடியில் புதைந்திருக்கிறது. மணற்குன்றுப் பகுதியில் அந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். பாறைப் பீடபூமியில், வாடிகளில் (வறண்ட ஆற்றுப் பள்ளங்களில்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சரியாகவே வரும்.

சும்மா_வந்தேன்

அப்படியென்றால் ரேடாரில் ஆறு தெரிகிற இடத்தில் தோண்டினால் தண்ணீர் வருமா? சும்மா கேட்கிறேன்.

பாறைமொழி

சும்மா கேட்டாலும் நல்ல கேள்வி. தண்ணீர் வரலாம், ஆனால் ஆறு தெரிகிறது என்பதற்காக வராது. அந்த ஆறுகள் செத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. கீழே ஆழத்தில் இருப்பது அவற்றைவிட மிகப் பழைய தண்ணீர். 2004இல் மேற்குப் பாலைவனக் கிணறுகளில் எடுத்த தண்ணீரைக் கிரிப்டான்-81 முறையில் அளந்தபோது 2 லட்சத்திலிருந்து 10 லட்சம் ஆண்டு வரை வயது வந்தது. செயற்கைக்கோள் படத்தில் கிழக்கு உவைனாத் பகுதியைப் பாருங்கள். மணலில் காசு வைத்தது போல பச்சை வட்டங்கள் தெரியும். சுழல் குழாய் போட்டுப் பாசனம் செய்யும் வயல்கள். இறைப்பது அந்தக் கிழட்டுத் தண்ணீரைத்தான். இறைத்த இடத்தில் நீர்மட்டம் இறங்கும். ஆகவே பாலின் 1927 கோடுகளை நீங்கள் வரைபடத்தில் சேர்த்தால், ஆண்டு போடாமல் சேர்க்காதீர்கள்.

மட்டக்கோல்

ஆண்டு என்றதும் என் கதை ஒன்று. பல வருடம் முன்னால் வளைகுடாப் பக்கம் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சர்வே வேலை. கானல் எழும்புவதற்குள் மட்டம் பார்த்து முடிக்க வேண்டும், காலை 9 மணிக்கு மேல் கோலில் உள்ள எண் தண்ணீரில் மிதப்பது போல நெளியும். ஒருநாள் வேலை நீண்டுவிட்டது, கேனில் தண்ணீர் அடிமட்டம். வரைபடத்தில் 6 கிலோமீட்டரில் கிணறு. நான் 'அங்கே போகலாம்' என்கிறேன். உள்ளூர் ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் கூட்டிப்போனார். ஒரு சிமென்ட் வளையம், உள்ளே வாய் வரை மணல், மேலே ஒரு ஆட்டு மண்டை ஓடு. 'என் தாத்தா இங்கே குடித்திருக்கிறார்' என்றார். அவர் வண்டியின் பின்னால் இரண்டு கேன் தனியாக வைத்திருந்தார், அதனால் பிழைத்தோம்.

வரைபடம் பொய் சொல்லவில்லை. கிணறு இருந்தது. ஆனால் அன்று முதல், நீலப் புள்ளியே போடாதே என்ற கட்சி நான். போட்டால் ஒருவன் நம்புவான்.

பழந்தாள்

மட்டக்கோல் ஐயா, இதை ஏற்க மாட்டேன். புள்ளி போடாமல் விடுவதும் ஒரு பொய்தானே? ஜனவரி 1931இல் இத்தாலியர்கள் குஃப்ராவைப் பிடித்தார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் தப்பி ஓடி உவைனாத் வந்தார்கள், அங்கே சுனை இருக்கிறது என்ற தலைமுறை அறிவை நம்பி. சுனை இருந்தது, ஆனால் மேய்ச்சல் இல்லை, உணவு இல்லை. அங்கிருந்து ஒரு பகுதியினர் தாக்லா நோக்கி நடந்தார்கள். 500 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் தண்ணீர் கிடையாது. அந்தப் பக்கம் அளவை வேலையில் இருந்த பாட் கிளேட்டன் அவர்களைக் கண்டு, காரில் ஏற்றிப் பலரைக் காப்பாற்றினார். எல்லோரையும் முடியவில்லை.

சுனை இருக்கிறது என்ற சேதியை மறைத்திருந்தால் அவர்களுக்கு என்ன நன்மை? எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேருக்குக் காணும், அடுத்தது எங்கே, அதுவும் சேர்ந்து தெரிய வேண்டும்.

மட்டக்கோல்

அதை மறுக்கவில்லை. அங்கே நடந்தவர்களுக்குத் தண்ணீரை வாயால் சொன்னவன் பக்கத்திலேயே இருந்தான். காகிதத்தில் இருக்கிற புள்ளியிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. அதுதான் என் பயம்.

ரேடார்கண்

இருவருக்கும் நடுவில் ஒரு யோசனை: நிரப்பிய வட்டம், காலி வட்டம். சமீபத்தில் யாரோ தண்ணீரைப் பார்த்த ஆண்டு தெரிந்தால் நிரப்பி, பக்கத்தில் ஆண்டு. இல்லையென்றால் காலி வட்டம், கடைசியாகப் பதிவான ஆண்டு.

நிலக்கோடு

நான்கு நாள் உட்கார்ந்து திருத்தினேன். கோப்பர்னிகஸ் தரவுக்கு மாறிவிட்டேன். மணற்பகுதியில் நீரோட்டக் கோடுகளை நீக்கிவிட்டேன், கத்தாரா திரும்பக் கிடைத்துவிட்டது. பாலின் நீர்மட்டக் கோடுகள் வெளிர்நீலப் புள்ளிக்கோடாக, ஒவ்வொன்றின் மேலும் 1927. சுனைக்கு ஒரு குறி, தோண்டிய கிணற்றுக்கு ஒன்று, பானைக் கிடங்குக்கு ஒன்று. ரேகன்ஃபெல்ட் நீலத்திலிருந்து கறுப்புக்கு வந்துவிட்டது, வெறும் இடப்பெயர்.

காலி வட்டம், நிரப்பிய வட்டம் என்று பிரித்தேன். மொத்தம் 11 வட்டம், 11-ம் காலி. நிரப்ப ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மட்டக்கோல்

பார்த்தேன் தம்பி, நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும். குறி விளக்கத்தை மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் பெரிதாக்குங்கள். அப்புறம் பீர் மெஸாஹா ஒரு விரற்கடை கிழக்கே தள்ளியிருக்கிறது போலத் தெரிகிறது. எந்த வரைபடத்திலிருந்து எடுத்தீர்கள்?